திரும்பி வந்தவரின் இரும்புக்கோல்

ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். ஆட்டத்தில் தோற்றவன் கருவியைப் பழிக்கக் காணுந்தோறும் இப்பழமொழியை எடுத்து வீசுவது நம்மவர் வழக்கம். ஆயின், முற்றம் உண்மையாகவே கோணலாக இருந்துவிட்டால் என் செய்வது? அதைப்பற்றிப் பழமொழி வாய்திறக்கவில்லை.

இந்த ஐயத்தை என்னுள் கிளப்பியவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய நண்பர் ஒருவர். குழிப்பந்தாட்டம் என்று அகராதியிலும் கோல்ப் என்று பேச்சிலும் வழங்கும் அவ்விளையாட்டை நுவரெலியா மைதானத்திலே கற்றவர். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளின் படிப்பும் வலத்தோளின் நோவும் ஒருசேர நெருக்கியபோது கோல்களைப் பையிலிட்டுக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. இப்போது அறுபத்தெட்டு வயதில், தோள் ஓரளவு தேறி, வைத்தியரும் "நடவுங்கள், கையை அசையுங்கள்" என்று சொல்லிவிட, மனிதர் கட்டிலின் கீழே குனிந்திருக்கிறார்.

மறுவாரம் என்னிடம் வந்தார். "ஐசே, இதுகளை எறிஞ்சு போட்டுப் புதுசு வாங்கவோ, இல்லாட்டி இதுகளோடையே மாரடிக்கவோ? நீர் கணக்கு வாத்தியார். கணக்குப் பார்த்துச் சொல்லும்" என்றார்.

நான் கோல்ப் ஆடுபவனல்லன். கொழும்பிலே களனிவெளி ரயிலில் போகும்போது, றோயல் கோல்ப் மைதானத்தின் நடுவே பாதை ஊடறுத்துச் செல்லுமிடத்தில், ரயில் கடக்கட்டும் என்று கோலை ஊன்றிக்கொண்டு நிற்பவர்களை யன்னலூடாகக் கண்டதே அவ்விளையாட்டோடு எனக்கிருந்த உறவு. எனினும் இதில் இத்தனை கணக்குக் கிடக்கிறதென்று அன்று தெரியாமற் போயிற்று.

ஆட்டக்காரர் ஒருவர் பையிலே பதினான்கு கோல்களுக்கு மேல் கொண்டுசெல்லல் ஆகாதென்பது விதி. அமெரிக்கச் சங்கம் 1938இலும் பிரித்தானியச் சங்கம் அதற்கடுத்த ஆண்டிலும் இவ்வரம்பை இட்டன. அதற்குமுன் இருபதுக்கு மேற்பட்ட கோல்களைச் சுமையாளின் முதுகில் ஏற்றி வந்த தனவந்தர்களும் உண்டு. இப்பதினான்கில் சரிபாதியளவு இரும்புக்கோல்கள். தலை மெல்லிய இரும்பாலானது; அதன் முகம் ஒவ்வொரு கோலிலும் வெவ்வேறு அளவு மல்லாந்து சாய்ந்திருக்கும். சாய்வு குறைந்தால் பந்து தாழ்ந்து தூரம் செல்லும். கூடினால் உயர்ந்தெழுந்து அண்மையில் விழும். அதற்கேற்ப எண்ணிடுவர். எண் சிறிதாயின் தூரம் பெரிது. எண்களுக்கு முன் பெயர்களே இருந்தன. கிளீக், மாஷி, நிப்ளிக் என்று ஸ்கொத்லாந்துக் கொல்லரும் ஆட்டக்காரரும் இட்ட அப்பெயர்களில் ஓர் ஊர்வாசனை இருந்தது. ஹிக்கரி மரத்தண்டு போய் உருக்குத்தண்டு வந்ததோடு பெயர்களும் போயின. பிரித்தானியாவிலே உருக்குத்தண்டுக்கு இசைவு கிடைத்தது 1929இல். அமெரிக்கா அதற்குச் சில ஆண்டுகள் முந்திவிட்டது.

நண்பரின் கோல்கள் ஊரை விட்டுப்போன தோட்டத்துரை ஒருவர் விற்றுச் சென்றவை. அடித்து உருவாக்கிய காபன் உருக்கு. முதுகு வழவழவென்று தட்டையாக, கத்தியின் அலகைப்போல் மெல்லியவை. 'பிளேட்' என்றே அவ்வகையை அழைப்பர். கண்ணுக்கு அவற்றினும் அழகிய கருவி கிடையாதென்பது, இரண்டையும் பார்த்தபின் இன்றும் என் கருத்து. அவற்றை எடுத்துக்கொண்டு முதல்நாள் மைதானத்துக்குப் போனவருக்குப் பந்து நிலத்தை விட்டெழவே மறுத்ததாம். சரியான புள்ளியிற் படாத ஒவ்வோர் அடிக்கும் விரல்களிலே தேள் கொட்டியதுபோல் ஒரு கடுப்பு.

அந்தக் கடுப்புக்குக் காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. தட்டையான இரும்பின் பாரம் முழுவதும் நடுவிலே திரண்டிருக்கும். பந்து அந்நடுவிற் பட்டால் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோன்ற இன்பம். அரை அங்குலம் விலகிப் பட்டாலோ தலை கையினுள்ளே திருகிக்கொள்ளும். வேகமும் போய்விடும், திசையும் போய்விடும். இதற்கு மாற்றுக் கண்டவர்களுள் முதன்மையானவர் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த காஸ்டன் சொல்ஹைம். சப்பாத்துத் தைக்கும் குடும்பத் தொழிலிலிருந்து பொறியியலுக்கு வந்தவர். நாற்பது வயதுக்கு மேல், உடன் வேலை செய்தோர் அழைத்தமையாலேயே கோல்ப் ஆடத் தொடங்கினார். குழியருகே பந்தை உருட்டும் கோல் தமக்கு அடங்கவில்லை என்று கண்டதும், தம்மை நொந்துகொள்ளாமல் கோலை நொந்துகொண்டார்! முற்றம் கோணலே என்று துணிந்து, 1959இல் தாமே ஒரு கோல் செய்தார். பந்தைத் தொடும்போது அது எழுப்பிய 'பிங்' என்னும் ஒலியே அவரது கம்பனியின் பெயராயிற்று. பாரத்தை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களுக்கும் பகிர்ந்தால் தலை திருகுவது குறையும் என்பதே அவர் கண்ட சூத்திரம். சடத்துவத் திருப்பம் என்று உயர்தர வகுப்பிலே நாம் கற்பிப்பது இதைத்தான். 1960களில் அதே சூத்திரத்தை இரும்புக்கோலுக்கும் கொண்டுவந்தார். முதுகைக் குடைந்து, அங்கிருந்த பாரத்தைச் சுற்றுவிளிம்புக்குத் தள்ளினார்.

குடைவான முதுகை அடித்துச் செய்வதிலும் வார்த்துச் செய்வது எளிது. மெழுகில் உருச்செய்து, மேலே ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அதற்குக் கைகொடுத்தது. பொலனறுவையில் எடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் நிற்கும் நடராசர் திருமேனி எம்முறையில் உருவானதோ, அடிப்படையில் அதே முறைதான். ஸ்தபதிகளின் கைவினை குழிப்பந்தாட்டத்துக்குள் இப்படி நுழையுமென்று யார் எதிர்பார்த்தார்கள்!

ஆகவே முதற் கேள்விக்கு விடை எளிதாகவே கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடாத கை பந்தை எப்போதும் நடுப்புள்ளியிற் சந்திக்கமாட்டாது. அதற்குக் குடைமுதுகுக் கோலே பொருத்தம். வாரம் நான்கு நாள் ஆடுகின்ற இளைஞனாயின் வேறு பேச்சு.

ஆனால் இவ்விடயம் இத்துடன் முடியவில்லை. கொழும்பிலே ஒரு கடைக்கு இருவரும் போனோம். உள்ளறையில் வலை கட்டி, பந்தின் வேகத்தையும் உயரத்தையும் கருவிகொண்டு அளந்து திரையிலே காட்டினார்கள். இளைஞர் ஒருவர் பளபளக்கும் புதிய ஏழாம் எண் கோலொன்றை நண்பரின் கையிலே கொடுத்தார். நண்பர் வீசினார். திரை 143 யார் என்றது. இன்னொருமுறை, 146. நாற்பத்தைந்து வயதிலே தமது ஏழாம் எண் கோலால் அவர் அடித்த தூரமும் ஏறத்தாழ இதுவே. அவர் என் பக்கம் திரும்பிய முகத்தை நான் மறக்கமாட்டேன். மகிழ்ச்சியும், அம்மகிழ்ச்சியை நம்பலாமோ என்ற ஏக்கமும் சரிபாதியாகக் கலந்த முகம் அது.

கணக்கு வாத்தியாராகப் பிறந்த தோஷம், நான் அக்கோலின் சாய்வு எத்தனை பாகை என்று கேட்டுவிட்டேன். 28 பாகை என்றார் இளைஞர். நண்பரின் பழைய ஏழாம் எண் கோலை அளந்தபோது 38 பாகை இருந்தது. அதாவது, புதிய கோலின் முதுகிலே ஏழு என்று பொறித்திருந்தாலும், பழைய கணக்கில் அது நான்காம் எண். தண்டும் அரை அங்குலமளவு நீளம் கூடியது.

இதனை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. பாரத்தைத் தலையின் அடிப்பாகத்துக்கு இறக்கிவிட்டால் பந்து இயல்பாகவே உயர்ந்தெழும். பழைய சாய்வை அப்படியே வைத்தால் தேவைக்கு மேல் எழுந்து காற்றில் மிதக்கும். ஆகவே சாய்வைக் குறைப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் முடியுமிடத்தில் வியாபாரம் தொடங்குகிறது. அயலவனின் ஏழைவிடத் தன் ஏழு பத்து யார் கூடுதலாகப் போகவேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு இருக்கும்வரை கம்பனிகள் பாகையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். 1970களில் ஐம்பது பாகையளவு சாய்ந்திருந்த 'பிட்சிங் வெட்ஜ்' என்னும் குறுந்தூரக் கோல், இன்று பலவகைகளில் நாற்பத்துநான்கு பாகைக்கு நிமிர்ந்துவிட்டது. மணலிலிருந்து பந்தைக் கிளப்பும் கோலோ ஐம்பத்தாறிலேயே நிற்கிறது. இரண்டுக்குமிடையே பன்னிரண்டு பாகைப் பள்ளம்! அப்பள்ளத்தை நிரப்ப இன்னொரு கோலையும் வாங்கச் சொல்வார்கள்.

நான் அக்கடையிலே ஒரு காரியம் செய்தேன். செய்திருக்க வேண்டியதில்லையோ என்று இன்றும் சிலவேளை எண்ணுவதுண்டு. அதே தொகுதியில் 38 பாகை உள்ள கோல் எது என்று கேட்டேன். ஒன்பதாம் எண். அதை நண்பர் வீசினார். திரை 116 யார் என்றது. தண்டின் நீளம் சற்றே குறைவு, ஆதலின் ஒப்பீடு முற்றச் சரியானதன்று என்று நான் இழுத்தேன். அவர் கேட்கவில்லை. சிறிதுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முப்பது யார் போச்சு."

"ஓம்."

"போகட்டும். இருபத்திரண்டு வருசமும் போச்சுத்தானே" என்றார். பின்னர் மெல்லச் சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் அவருக்குப் பென் ஹோகனின் கதையைச் சொன்னேன். அவர் எனக்குச் சொன்னார் என்பதே பொருந்தும், ஏனெனில் பாதிக்கு மேல் அவருக்கே தெரிந்திருந்தது. இடைவெளிக்குப்பின் களம் திரும்பியோரின் சரித்திரத்தில் ஹோகனுக்கு ஒப்பானவர் அரியர். 1949 பெப்ரவரி 2ஆம் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே, மூடுபனியில் ஒரு பஸ் அவரது காரோடு நேருக்குநேர் மோதிற்று. மனைவி வலரியைக் காக்க அவர்மேற் குறுக்கே பாய்ந்தார் ஹோகன். அதனாலேயே தாமும் பிழைத்தார். சுக்கான் தண்டு அவர் அமர்ந்திருந்த ஆசனத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. இடுப்பெலும்பும் காறை எலும்பும் கணுக்காலும் விலாவும் முறிந்தன. பின்னர் இரத்தக்கட்டிகள் நுரையீரலை நோக்கி நகர, வைத்தியர்கள் வயிற்றின் பெருநாளத்தையே கட்டிவிட நேர்ந்தது. நடப்பாரா என்பதே ஐயமாயிருந்தது. 1950 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு வந்து, சாம் ஸ்னீட்டோடு சமநிலை எய்தி, மீளாட்டத்திலேதான் தோற்றார்.

அவ்வாண்டு ஜூனில் பிலடெல்பியாவை அடுத்த மெரியன் மைதானத்தில் அமெரிக்கத் திறந்த போட்டி. இறுதிநாளில் முப்பத்தாறு குழிகளை ஒரேநாளில் ஆடவேண்டிய காலம் அது. இரு கால்களிலும் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு நடந்தார். கடைசிக் குழிக்கு வந்தபோது முன்னிலை கரைந்துபோய், நான்கு அடிகளில் முடித்தாற்றான் சமநிலை என்றாயிற்று. 200 யாருக்கு மேற்பட்ட அந்த அடிக்கு அவர் பையிலிருந்து எடுத்தது ஒன்றாம் எண் இரும்புக்கோல்.

கோல்ப் அறியாதாருக்கு இதன் பொருள் விளங்க ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். 1975இல் மைதானத்திலே மின்னல் தாக்கி உயிர்தப்பிய லீ ட்ரெவினோ என்னும் வீரர், இடிமுழக்கத்தின்போது ஒன்றாம் எண் இரும்பை உயர்த்திப் பிடித்தால் பயமில்லை, கடவுளாலும் அதை அடிக்க இயலாது என்பாராம். அத்துணை சாய்வு குறைந்தது, அத்துணை கடினமானது அக்கோல். அதை அப்போட்டிக்காகவே ஹோகன் பையிற் சேர்த்தார். அதற்கு இடம்விட ஏழாம் எண்ணை வெளியே எடுத்துவிட்டார். மெரியனில் ஏழாம் எண்ணுக்கு வேலையில்லை என்பது அவரது கணிப்பு. அடித்தார், பந்து குழியிருக்கும் புற்றரையிலே சென்று தங்கிற்று. அவ்வடியின் முடிவில் அவர் நின்ற நிலையைப் பின்புறமிருந்து ஹை பெஸ்கின் எடுத்த புகைப்படம் இன்றும் கோல்ப் உலகின் திருவுருவப் படம்போல் விளங்குகிறது. இரண்டே உருட்டல்களில் நான்கை முடித்தார். மறுநாள் மீளாட்டத்தில் ஹோகன் 69, லொயிட் மங்ரம் 73, ஜோர்ஜ் பாசியோ 75.

அந்த ஒன்றாம் எண் கோல் மீளாட்டத்தில் அவரிடம் இல்லை. முதல்நாள் மாலையே யாரோ திருடிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து, 1983இல் மீண்டு, அமெரிக்கக் கோல்ப் சங்கத்தின் நூதனசாலையை அடைந்தது. முகத்திலே ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்த சிறு வடு. பந்து பட்டதெல்லாம் அந்த ஒரு புள்ளியில்.

1953இல் ஹோகன் போர்ட் வேர்த் நகரில் தம் பெயரில் கோல் செய்யும் கம்பனி தொடங்கினார். முதல் ஈட்டில் வந்த கோல்கள் மனத்துக்கு ஒவ்வாமையால், ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட அச்சரக்கு முழுவதையும் விற்கவொட்டாது தடுத்துவிட்டார் என்பர். கருவியைப் பழிப்பது கையாலாகாதவன் தொழில் என்று நினைப்போர் இதையும் கருத வேண்டும்.

நண்பருக்கு இக்கதையில் பிடித்த பகுதி நான் எதிர்பாராதது. ஹோகன் ஏழாம் எண்ணை வெளியே எடுத்ததுதான். "எதைக் கொண்டுபோறது எண்டதை விட எதை விட்டுட்டுப் போறது எண்டதிலைதான் அவற்றை மூளை இருந்தது" என்றார்.

அதன்பின் தேர்வு விரைவாயிற்று. மூன்றாம், நான்காம், ஐந்தாம் எண் இரும்புகளை அவர் மறுபேச்சின்றித் துறந்தார். வீச்சின் வேகம் குறைந்தவருக்கு அவை எழா. அவற்றுக்குப் பதிலாக, மரக்கோலின் பருத்த உடலும் இரும்பின் நீளமுங் கொண்ட ஹைபிரிட் கோல்கள் இரண்டு போதும். ஆறாம் எண் முதல் வெட்ஜ் வரை குடைமுதுகு இரும்பு. ஆனால் 28 பாகைத் தொகுதியன்று. ஏழாம் எண் 33 பாகையுள்ள நடுத்தரத் தொகுதியையே கேட்டார். தூரம் குறையுமே என்று கடைக்கார இளைஞர் கவலைப்பட்டார். "தம்பி, எனக்குப் பந்து விழுந்த இடத்திலை நிக்கவேணும்" என்று பதில் வந்தது. சாய்வு மிகக் குறைந்த கோலால் மெதுவாக வீசுபவன் அடிக்கும் பந்து தாழ்ந்து வந்து புற்றரையைத் தாண்டி ஓடிவிடும் என்பதை அவரது இருபதாண்டு அனுபவம் மறக்கவில்லை.

தண்டு விடயத்திலே தோள் தீர்ப்புச் சொல்லிற்று. பழைய உருக்குத்தண்டு தனியே 120 கிராமுக்கு மேல். காபன் நார்த்தண்டு அதில் ஏறத்தாழ அரைப்பங்கு. அடியின் அதிர்வையும் ஓரளவு விழுங்கிவிடும். இவை முதியோர்க்கென்றே செய்தவை என்ற வீண் நாணம் சிலருக்கு உண்டு. நண்பருக்கும் ஒருநாள் இருந்தது. பத்துப் பந்து அடித்ததும் நீங்கியது. பொபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றபோது பயன்படுத்திய ஹிக்கரித்தண்டுக் கோல்களைப்பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அளவுகருவியின்றிக் கையுணர்வாலேயே அவர் பொறுக்கிச் சேர்த்த அத்தொகுதியைப் பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது, ஒன்று தவிர மற்றெல்லாம் பாரச்சமநிலையில் ஒத்திருந்தனவாம். அந்த ஒன்றுதான் அவருக்கு என்றும் தொல்லை கொடுத்த கோல். கையை நம்பலாம், ஆனால் கை சொல்வதைக் கேட்கப் பத்துப் பந்தாவது அடித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. வலையறையிற் காட்டிய தூரம் நுவரெலியாவுக்குப் பொருந்தாது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தது; பந்து கூடுதலாகப் போகும். "அப்ப போன முப்பதிலை ஒரு பத்து வாற மாதிரி" என்று நண்பர் தேற்றிக்கொண்டார். நான் கணக்குப் பார்க்கப் போகவில்லை.

விலைச்சிட்டை எழுதும் வேளையில் ஒரு சிக்கல். புதிய வெட்ஜ் 46 பாகை, மணற்கோல் 56. நடுவே இன்னொரு கோல் வேண்டும் என்றார் இளைஞர். நண்பர் காருக்குப் போய்ப் பழைய பையைத் திறந்து, அந்தத் துரையின் பிட்சிங் வெட்ஜை எடுத்து வந்து அளக்கச் சொன்னார். 51 பாகை. பள்ளத்தின் மிகச்சரியான நடு.

அதன் பிடியிலிருந்த இறப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. கத்தியால் கீறி உரித்து, ஒட்டுநாடா சுற்றிப் புதிய பிடி ஏற்றக் கால்மணி நேரமும் ஆகவில்லை. நண்பர் அதை வாங்கி, பந்தில்லாமலே இருமுறை மெதுவாக அசைத்துப் பார்த்தார். மற்றக் கோல்களையெல்லாம் கடைப்பையன் காருக்குத் தூக்கிச் சென்றான். அதைமட்டும் அவர் தம் கையிலேயே கொண்டுவந்தார்.